தூத்துக்குடியில் நான்கு வருடம் படிக்கப் போகிறேன், பொழுது போகுமா?

தம்பி, உங்கள் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டில் வளர்ந்தவர் நீங்கள். தூத்துக்குடியில் நான்கு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 'அங்கே கோவை மாதிரி மால் கிடையாது, பீச்சும் உப்பும்தான் இருக்கு, சாயங்காலம் ஆனா என்ன பண்ணுவே?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சேர்வதா வேண்டாமா என்று குழம்புகிறீர்கள். நானும் திண்டுக்கல் பக்கத்தில் கடலையே பார்க்காமல் வளர்ந்தவன்தான். மீன்வளம் படிக்க இங்கே வந்தேன், படிப்பு முடிந்ததும் இதே ஊரில் ஒரு இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது, இன்னமும் இங்கேதான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பொழுது போகாது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. காலை எட்டரைக்கு எழுந்து அரக்கப்பரக்கக் கல்லூரிக்கு ஓடி, நாலு மணிக்குத் திரும்பி வந்து படுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'எங்கடா போகலாம்' என்று கிளம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் இந்த ஊரில் வெயில் மட்டும்தான் இருக்கும். விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை என்று நாளுக்கு இரண்டு முறை விழிக்கிற ஊர் இது. நடுவில் அசந்து கிடக்கும். என் முதல் வருடம் முழுக்க இது தெரியாமலே போய்விட்டது. இரண்டாம் வருடத்தில், இங்கே மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்துப் பையன் ஒருவன் அறைத்தோழனாக வந்த பிறகுதான் எனக்கு ஊர் கிடைத்தது.

அவன் என்னை முதலில் கூட்டிப்போன இடம் மீன்பிடித் துறைமுகம், இரவு எட்டரை மணிக்கு. இங்கே விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. போன அன்றே திரும்புவதால் வருகிற மீன் அன்றைக்குப் பிடித்த மீன். வரிசையாக விளக்கு தெரியும், பிறகு எஞ்சின் சத்தம், பிறகு ஒரே நேரத்தில் எல்லாம். பலகையில் பெட்டி இறங்கும், ஐஸ் கொட்டுவார்கள், குவியலைச் சுற்றி ஆட்கள் நெருக்கி நிற்பார்கள், ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் தொகையைச் சொல்லிக்கொண்டே போவார். முதல் நாள் எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. யார் கேட்டார்கள், யாருக்குப் போனது என்று தெரிவதற்குள் அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிட்டார்கள்.

வெள்ளி வெள்ளியாய் மின்னிய ஒரு கூடையைக் காட்டி, ஓரமாய் நின்ற ஒரு பெரியவரிடம் 'இது என்ன மீனுண்ணே?' என்று கேட்டேன். 'சாளை தம்பி. மெட்ராஸ்ல மத்தின்னு சொல்லுவாங்க. எந்த ஊரு?' என்றார். திண்டுக்கல் என்றதும், 'அணை மீன் சாப்பிட்ட ஆளா' என்று சிரித்துவிட்டு, அடுத்த அரைமணி நேரம் பாறை, சூரை, விளமீன், கணவாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்த்துப் புதுசா பழசா என்று சொல்லக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். இன்று நான் சம்பளம் வாங்கும் வேலைக்கு அதுதான் முதல் பாடம். அங்கே போனால் ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. அது அவர்கள் வேலை செய்யும் இடம், நேரம் அவர்களுக்குப் பணம். பெட்டி தூக்கி வருகிறவர் வழியில் நிற்காதீர்கள், கேட்காமல் யார் முகத்தையும் படம் எடுக்காதீர்கள். தரை முழுக்க மீன் தண்ணீர் என்பதால் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஏலம் இருக்காது. ஆனால் படகுகள் அத்தனையும் கரையில் நிற்கும், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். மற்ற மாதங்களில் ஒரு நிமிடம் நிற்காதவர்கள் அப்போது உட்கார்ந்து பேசுவார்கள். உங்களுக்குத் தேர்வு நேரமாக இருக்கும். இருந்தாலும் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். இரண்டு மாதம் வருமானம் இல்லாத வீடு எப்படி நடக்கிறது என்பதை அந்தப் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்து காலை. நம் சூரியன் இங்கே கடலிலிருந்து எழும். பீச் ரோடு பக்கம் ரோச் பூங்கா இருக்கிறது, ஐந்தரைக்கே நடப்பவர்கள் நிறைந்துவிடுவார்கள். தருவை மைதானத்தை ஒட்டிப் போனால் முத்துநகர் கடற்கரை. முதல் தடவை பார்க்கிற எல்லாரையும் போல நீங்களும் 'என்ன, அலையே இல்லை' என்று ஏமாந்து போவீர்கள். மெரினாவில் அடிக்கிற அலை இங்கே கிடையாது. எதிரே இலங்கை, பக்கத்தில் தீவுக் கூட்டம், நடுவில் மன்னார் வளைகுடா என்று ஒதுக்குப்புறமாக அமைந்த கடல் இது. பல நாள் காலையில் குளம் மாதிரி கிடக்கும். எனக்கு அந்த அமைதி பிடிக்க ஒரு வருடம் ஆனது. இப்போது வேறு கடலுக்குப் போனால் சத்தம் அதிகமாகத் தெரிகிறது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் சேர்ந்ததுதான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 1986-ல் அறிவித்தது. அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவும் அரித்து அரித்துச் சிறுத்துப்போய், அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். 'படகுக்காரர்கிட்ட பேசி வான் தீவுக்குப் போலாம்டா' என்று சீனியர் யாராவது சொல்வார். போகாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. நீங்கள் மாட்டினால் அபராதத்தோடு போகலாம், படகுக்காரருக்குப் பிழைப்பே போய்விடும். தீவு பார்க்க ஆசையாக இருந்தால் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் முயல் தீவுக்குச் சாலை வழியாகவே போகலாம். காணும் பொங்கலுக்கு ஊரே அங்கேதான் இருக்கும். துறைமுக எல்லைக்குள் வருவதால் மற்ற நாட்களில் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீச் ரோட்டிலிருந்து பழைய துறைமுகம் பக்கம் பார்த்தால் பெரிய மரத்தோணிகள் நிற்பது தெரியும். இந்தக் காலத்திலும் மரத்தில் செய்த தோணியில் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிறார்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதியது இதே கரையில்தான். பள்ளிக்கூடத்தில் நான் அதை ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன். ஒரு நாள் அந்தச் சுவரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது தோணி ஒன்று கிளம்பியது. இந்தத் தண்ணீரில், இவ்வளவு பெரிய கம்பெனியை எதிர்த்து, ஊரார் பணத்தைச் சேர்த்து ஒரு மனிதர் கப்பல் வாங்கினார் என்பது அப்போதுதான் உடம்பில் ஏறியது.

உப்பளம் பற்றி உங்கள் நண்பர்கள் கேலியாகச் சொல்லியிருக்கிறார்கள். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான். மழை ஓய்ந்த பிறகு, ஜனவரி பிப்ரவரி வாக்கில், சைக்கிளை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாகக் கண்ணாடி மாதிரி தண்ணீர், அதில் வானம் அப்படியே கிடக்கும். வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதால் இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பெண்கள்தான் நிறைய. வெறும் காலில் உப்புத் தண்ணீரில் நின்று வாரிக் குவித்து, தலைச்சுமையாக வரப்பில் கொண்டுவந்து கொட்டுவார்கள். தண்ணீரின் அடர்த்தி 25 டிகிரி பக்கம் வந்தால்தான் உப்பு பூக்கும் என்று ஒரு அக்கா எனக்குச் சொன்னார். கருவி வைத்துப் பார்ப்பீர்களா என்றேன். 'காலு சொல்லும்யா' என்றார். அவர் காலைப் பார்த்தேன். பாதம் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு. அதற்குப் பிறகு உப்பளத்தில் செல்ஃபி எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

அதே உப்பளத் தண்ணீரில் சில மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும். பறவை பார்க்கிற பழக்கம் இல்லாவிட்டால் இந்த ஊரில் அது தானாக வரும். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு என்று 2011-ல் தொடங்கி ஜனவரி மாதத்தில் நடத்துகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களில் தன்னார்வலர்கள் குழுவாகப் போய் எண்ணுவார்கள். மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், பறவையை அடையாளம் காணச் சொல்லியும் கொடுப்பார்கள். நான் மூன்றாம் வருடம் போனேன். குளக்கரையில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நாமக்கோழியை எண்ணிக்கொண்டிருந்தபோது கிடைத்த நண்பர்கள்தான் இன்று வரைக்கும் கூட இருக்கிறார்கள்.

இனி ராத்திரிச் சாப்பாடு. 'நைட் கிளப்புக்குப் போலாமா' என்று சீனியர் கேட்டால் பயப்படாதீர்கள், வீட்டிலும் சொல்லலாம். இங்கே நைட் கிளப் என்றால் சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கிற பரோட்டாக் கடை. எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊற வைத்துச் சாப்பிட வேண்டும். மொறுமொறுப்பாக இருக்கும்போதே பாதி, ஊறிய பிறகு பாதி என்று சாப்பிடுவது என் கட்சி. ஊருக்குப் போகும்போது மக்ரூன் வாங்கிப் போங்கள். முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான். சின்னக் கூம்பு மாதிரி இருக்கும், வாயில் போட்டால் கரையும். காற்றுப் பட்டால் நமத்துவிடும், டப்பாவை இறுக்கி மூடுங்கள்.

ஊர் சின்னதென்றாலும் மாணவர்களுக்குக் குறைவில்லை. தூய மரியன்னை கல்லூரி 1948, வ.உ.சி. கல்லூரி 1951, காமராஜ் கல்லூரி 1966, மீன்வளக் கல்லூரி 1977, அரசு மருத்துவக் கல்லூரி 2000 என்று ஒவ்வொரு காலத்திலும் ஒன்று வந்திருக்கிறது. பெரிய நகரத்தில் ஒரு கல்லூரிப் பையன் இன்னொரு கல்லூரிப் பையனைப் பார்க்கவே வாய்ப்பிருக்காது. இங்கே எல்லாரும் அதே பீச் ரோட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். தருவை மைதானத்தில் ஆறு மாதம் விளையாடினால் நாலு கல்லூரியிலும் உங்களுக்கு ஆள் இருக்கும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன நேரமெல்லாம் பையன்களுக்கு எளிதாகக் கிடைப்பது. பல விடுதிகளில் பெண்களுக்கு ஆறு மணிக்கே கதவு சாத்திவிடுவார்கள். என் கூடப் படித்த பெண்கள் நாலு வருடம் இதே ஊரில் இருந்தும் ஒரு தடவைகூட ராத்திரி ஏலத்தைப் பார்க்கவில்லை. மீனைப் படிக்க வந்தவர்கள் மீன் கரை இறங்குவதைப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர்களில் சிலர் விடாமல் காலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்தரைக்கு ரோச் பூங்கா, சனிக்கிழமை டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் இப்போது படிக்கிறவர்கள் இன்னும் நன்றாகச் சுற்றுகிறார்கள். உங்கள் வகுப்புத் தோழிகளும் வரமுடிகிற நேரமாகப் பார்த்துத் திட்டம் போடுங்கள். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

வெளியே போக இடம் நிறைய. திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான், எப்போதும் பஸ் உண்டு. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டை, வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் எல்லாம் ஒவ்வொரு அரைநாள். என்னைக் கேட்டால் இரண்டு இடத்துக்கு முழு நாள் ஒதுக்குவேன். ஒன்று ஆதிச்சநல்லூர், பழங்காலத்து இடுகாடு. 2023 ஆகஸ்டில் அங்கே தோண்டிய இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் புதைந்த நிலையிலேயே கிடக்கும், நீங்கள் மேலே நடப்பீர்கள். அங்கிருந்து வரும் வழியில் கொற்கையையும் பார்த்துவிடுங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இருந்த ஊர், இன்று சுற்றிலும் வயலும் வாழையும். தாமிரபரணி ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடல் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய்விட்டது. இன்னொன்று மணப்பாடு, திருச்செந்தூருக்குத் தெற்கே. மணல் மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே நம் ஊர்க் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத அலை. சர்ஃபிங் பலகையோடு வருகிறவர்களை அங்கே பார்க்கலாம்.

அங்கே ஒரு எச்சரிக்கை. முத்துநகர் கடற்கரையின் அமைதியைப் பார்த்துப் பழகி, அதே தைரியத்தில் மணப்பாட்டிலோ திருச்செந்தூரிலோ இறங்காதீர்கள். என் வகுப்புப் பையன் ஒருவன், ஈரோட்டு வாய்க்காலில் நீந்திப் பழகியவன்தான், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவனைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் பாய்ந்து தூக்கி வந்தார்கள். அவன் கரையை நோக்கியே முட்டி முட்டி நீந்திச் சோர்ந்திருந்தான். இழுப்பில் மாட்டினால் நேராகக் கரைக்கு வர முயலாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்பதை அன்றைக்கு அந்த அண்ணன்கள்தான் சொன்னார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் 'இன்னைக்கு இறங்கலாமாண்ணே' என்று கேட்காமல் இறங்கவே இறங்காதீர்கள்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் முதலில் காற்றைப் பார்ப்பார்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும், மண்ணை வாரிக் கண்ணில் போடும், கொடியில் காயப்போட்ட சட்டை அடுத்த தெருவில் கிடைக்கும். மழைக்காலத்தில் வடக்கிலிருந்து வாடை வரும், கடல் நிறமே மாறும். இரண்டு வருடம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே எது என்ன காற்று என்று உங்களுக்கும் தெரியும்.

மழை இங்கே பொதுவாகக் குறைவு, வருடம் முழுக்கச் சேர்த்தாலே சுமார் 65 சென்டிமீட்டர். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்ததையும், கடலில் ஓடுகிற படகு தெருவுக்குள் வந்ததையும் கண்ணால் பார்த்தேன். அதனால் டிசம்பரில் சான்றிதழ்களைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், பவர் பேங்க்கில் எப்போதும் சார்ஜ் இருக்கட்டும்.

திருவிழாக்களை மறந்துவிட்டேனே. நீங்கள் வந்து சேர்ந்த சூட்டோடு பனிமய மாதா கோவில் திருவிழா தொடங்கிவிடும். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. மதம் பார்க்காமல் ஊரே தெருவில் இருக்கும். தங்கத்தேர் எல்லா வருடமும் ஓடாது, 2023-ல் ஓடியபோது நான் வடம் பிடித்தேன். பிறகு செப்டம்பர் அக்டோபரில் குலசேகரப்பட்டினம் தசரா. பத்து நாளும் காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று வேடம் கட்டியவர்கள் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார்கள். காளி வேடம் போட்டவருக்கு எழுந்து இடம் கொடுங்கள், விரதம் இருந்து நிற்கிறவர்.

சேருங்கள் தம்பி. முதல் மாதம் அலுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அலாரத்தை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். உள்ளூர்ப் பையன் ஒருவனை அறைத்தோழனாகக் கேட்டு வாங்குங்கள். வரும்போது சைக்கிள் கொண்டுவாருங்கள், பழையதாகவே இருக்கட்டும். நான் புதுசாகக் கொண்டுவந்தது உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் செயின் முழுக்கத் துருவேறிவிட்டது. வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடையுங்கள், நாலு வருடம் ஓடும்.